பாஞ்சாலி கடல் கடந்த கதை

கீழ்பென்னாத்தூர் பக்கம் பங்குனி, சித்திரை வந்துவிட்டால் ஏதாவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பிரசங்கம், இரவு முழுக்கக் கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி. ஏரி வற்றி, வேலை ஓய்ந்திருக்கும் காலம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு நடத்துவார்கள். திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த அமெரிக்கர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், இங்கிருந்து கிழக்கே இருக்கும் செஞ்சி வட்டாரத்தையே அதன் மையம் என்று 1988இல் வெளிவந்த தமது நூலில் எழுதினார்.

இதே திருவிழா இந்துமகா சமுத்திரத்தில், ரெயூனியோன் என்ற பிரெஞ்சுத் தீவிலும் நடக்கிறது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தீவைப் பற்றிய பிரெஞ்சுக் கட்டுரைகளைத் தேடிப் படித்து வருகிறேன். திரௌபதிக்கு அங்கே 'பாந்தியலே' என்று பெயர். நம் பாஞ்சாலிதான் அது என்பது என் எண்ணம். 'நார்ல்கோன்' என்றால் நாடகம், அதாவது விடிய விடிய நடக்கும் நம் கூத்து. அதை நடத்துபவர் 'வார்த்தியால்'. வாயைத் திறந்து உரக்கப் படித்தால்தான் வாத்தியார் வெளியே வருகிறார்!

1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். 1860இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. புதுச்சேரி, காரைக்கால், சென்னை துறைமுகங்களில் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறினார்கள். கடன், பசி, தரகர் பேச்சு எல்லாம் சேர்ந்து தள்ளியது. தோட்டங்களில் நடந்த கொடுமை காரணமாக 1882இல் பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

ஊரில் இருந்தவர்கள் மட்டும் சுகமாக இருந்தார்களா? அன்று திருவண்ணாமலை தாலுகா தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. அதே ஜில்லாவில், வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை என்றால், அன்று பசி எப்படி இருந்திருக்கும்! 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் உத்தரவு போட்டார். அது உயிர் வாழப் போதாது என்று டாக்டர் கார்னிஷ் வாதாடினார். ஃபைலில் இரு பக்கமும் வாதம் நடந்துகொண்டிருக்க, வெளியே ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். வாழ்நாள் முழுக்க ஃபைலோடு இருந்தவனுக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

தீவுக்குப் போனவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் அல்ல, ஒரே ஜாதியும் அல்ல. பெண்கள் குறைவு. பங்காளி, மாமன், மச்சான் என்ற வரிசை அறுந்துபோயிற்று. இங்கே முதல் மரியாதை யாருக்கு என்பதில் திருவிழாவே நின்றுபோன ஊர்கள் உண்டு. அங்கே அந்தச் சண்டைக்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை. சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கோயில் கட்டி, அதைச் சுற்றி ஊர் என்று ஒன்றைப் புதிதாக உண்டாக்கினார்கள். பிள்ளைக்கு மாதா கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, மாரியம்மனுக்கும் வேண்டிக்கொண்டார்கள். இதை இரட்டை வேஷம் என்பவர்கள் உண்டு. பிழைக்கத் தெரிந்தவர்கள் என்பேன் நான்.

மொழி போனால் எல்லாம் போயிற்று என்று மேடையில் பேசுகிறோம். அங்கே தமிழ் பேச்சிலிருந்து போய்விட்டது, வீட்டில் கிரியோல்தான். ஆனால் பதினெட்டு நாள் விரதம், கட்டை அடுக்குவது, தணல் பரப்புவது, முருங்கைக்கீரை சமைப்பது எல்லாம் கையில் நின்றுவிட்டன. பாட்டு மட்டும் நோட்டுப் புத்தகத்தில் பிரெஞ்சு எழுத்தில் தமிழாக இருக்கிறது. பாடுகிறவருக்குப் பல இடங்களில் அர்த்தம் தெரியாது. அது நஷ்டம்தான், மறைக்க வேண்டியதில்லை.

இப்போது இங்கிருந்து ஸ்தபதிகளும் குருக்களும் போய்க் கோபுரம் எழுப்புகிறார்கள். ஆடு வெட்டாதே, பழைய முறை ஆகமப்படி சரியில்லை என்றும் சொல்லப்படுகிறதாம். அங்குள்ள பெரியவர்கள் சிலருக்கு அதில் வருத்தம். பஞ்ச காலத்தில் தாங்கி நின்ற கோயிலை, வசதி வந்த காலத்தில் யார் திருத்துவது? என்னைக் கேட்டால், பாந்தியலேயை அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன்.