ஏஸ் சோடி கையில் இருந்தும் ஏன் தோற்கிறார்கள்?

பரந்தனில் இருக்கும் நண்பன் ஒருவன் கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டினான். "ரெண்டு ஏஸ் வந்தும் தோத்துப்போனன் மச்சான். இது கள்ள விளையாட்டுப்போலக் கிடக்கு." போன பணம் 10 டொலர், ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். கிணற்று மோட்டருக்கென்று கனடாவிலிருந்து தமையன் அனுப்பிய காசில் ஒரு பகுதி அது.

நான் அந்த ஆட்டத்தின் பதிவைத் திறந்து பார்த்தேன். கள்ளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பந்தயத் தொகையில்தான் பிழை இருந்தது. ஊரில் பல இளைஞர்கள் இதே பிழையைச் செய்வதைப் பார்த்திருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நோ-லிமிட் ஹோல்டெம் போக்கரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூடிய சீட்டுகள் கிடைக்கும். இரண்டும் ஒரே இலக்கமாக இருந்தால் அது கைச்சோடி. பிறகு மேசையில் மூன்று, ஒன்று, ஒன்று என ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் கையிலுள்ள முழுப் பணத்தையும் வைக்கலாம். 'நோ-லிமிட்' என்பதன் பொருள் அதுதான். ஏஸ் சோடி 221 கைகளுக்கு ஒருமுறைதான் வரும். ஏஸ், கிங், குயீன் ஆகிய மூன்று சோடிகளையும் சேர்த்தால்கூட ஏறக்குறைய 74 கைகளுக்கு ஒன்று.

நண்பன் விளையாடிய மேசையில் கட்டாயப் பந்தயங்கள் 5 சதமும் 10 சதமும். ஒவ்வொருவரிடமும் 10 டொலர். ஏஸ் சோடி வந்ததும் அவன் 20 சதத்துக்கு மட்டும் உயர்த்தினான். "கூட வச்சா எல்லாரும் ஓடிடுவாங்கள்" என்பது அவன் நியாயம். நான்கு பேர் உள்ளே வந்தார்கள்.

எழுந்தமானமான ஒரு கைக்கு எதிராக ஏஸ் சோடி 100க்கு 85 தடவை வெல்லும். நான்கு கைகளுக்கு எதிராக அது 56 ஆகக் குறைகிறது. நான்கு பேரும் முதலிலேயே முழுப் பணத்தையும் வைத்தால் அதுவும் நல்ல லாபம்தான். ஆனால் இங்கே அவர்கள் மலிவாக மூன்று சீட்டுகளைப் பார்த்துவிட்டு, பொருந்தினால் மட்டும் பெரிய பணம் வைப்பார்கள். பொருந்தாதவன் 20 சதத்தோடு போய்விடுவான்.

மேசையில் 9, 8, 6 விழுந்தது. பானையில் ஒரு டொலர். நண்பன் மறுபடியும் 20 சதம் வைத்தான். 7 வைத்திருந்த ஒருவனுக்கு 5 அல்லது 10 வந்தால் தொடர்வரிசை பூர்த்தியாகும். அடுத்த சீட்டில் அது நடக்கும் வாய்ப்பு 17 சதவீதம். 20 சதம் கொடுத்து அந்த 1.40 டொலர் பானைக்குப் போட்டியிட அவனுக்குத் தேவைப்பட்டது 14 சதவீதம் மட்டுமே. அதாவது, எதிராளிக்கு லாபமான விலையை நண்பனே நிர்ணயித்துக் கொடுத்தான். அரைப்பானை, அதாவது 50 சதம் வைத்திருந்தால் எதிராளிக்கு 25 சதவீதம் தேவைப்பட்டிருக்கும். அந்த விலைக்குத் தொடர்ந்திருந்தால் காலப்போக்கில் நட்டம் அவனுக்கு. அடுத்ததாக 10 விழுந்தது. நண்பன் கோபத்தில் முழுவதையும் வைத்தான்.

சரியான அளவு என்ன? முதலில் உயர்த்துபவர் பொதுவாகப் பெரிய கட்டாயப் பந்தயத்தின் இரண்டரை முதல் மூன்று மடங்கு வைப்பார். உயர்த்தாமல் உள்ளே வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மடங்கு கூட்டலாம். ஏற்கெனவே ஒருவர் உயர்த்தியிருந்தால் அவர் வைத்ததன் மூன்று மடங்கு, அவருக்கு முன்னதாகப் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் நான்கு மடங்கு.

இந்தச் சிறிய தொகைகள் ஏன் முக்கியம்? ஒருவர் 30 சதத்துக்கு உயர்த்துகிறார், நாம் 1 டொலராக்குகிறோம், அவர் தொடர்கிறார் என்று வையுங்கள். பானை 2.15 டொலர், இருவரிடமும் மிச்சம் 9 டொலர். மூன்று கட்டங்களிலும் பானையின் 55 சதவீதம் அளவில் வைத்துவந்தாலே கடைசியில் அந்த 9 டொலரும் உள்ளே போய்விடும். வெறும் 30 சதத்தில் நின்றிருந்தால் பானை 75 சதம். அதே முடிவுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஏறக்குறைய முழுப் பானையளவு வைக்க வேண்டும். அதற்கு யாரும் இலேசில் இணங்கமாட்டார்கள்.

சிறு சோடி வைத்திருப்பவருக்கு முதல் மூன்று சீட்டில் மூன்றாவது அதே இலக்கம் வருவது எட்டரைக்கு ஒருமுறை. 30 சதத்துக்கு அவர் 9.70 டொலரை எதிர்பார்க்கலாம், 32 மடங்கு. 1 டொலராக்கினால் அவர் மேலதிகமாகப் போடும் 70 சதத்துக்கு எதிர்பார்ப்பு 13 மடங்காகச் சுருங்குகிறது.

எல்லாச் சோடியும் ஏஸ் அல்ல. கிங் சோடி வைத்திருந்தால் முதல் மூன்று சீட்டில் ஏஸ் விழுவது 100க்கு 23 தடவை. குயீனுக்கு மேற்பட்ட சீட்டு விழுவது 41, ஜாக்குக்கு 57. கிங், 7, 2 என வெவ்வேறு நிறத்தில் விழுந்த மேசையில் ஏஸ் சோடிக்குப் பானையில் மூன்றிலொரு பங்கு போதும், பயப்பட அதிகமில்லை. 9, 8, 6 போன்ற மேசையில் அது போதாது.

நண்பன் செட்டிக்குளம் முகாமில் 304 பழகியவன். அதில் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20. கேட்கும் தொகையை வைத்தே கையின் பலத்தை மற்றவர்கள் ஊகிப்பார்கள். "அங்க நீ எப்பிடிப் பிடிபட்டியோ, இங்கயும் அப்பிடித்தான்" என்றேன். ஏஸுக்கு மட்டும் 20 சதம், மற்றதுக்கெல்லாம் 30 என்றால் எதிராளியின் மென்பொருள் அதைக் குறித்து வைத்திருக்கும். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 120,000 கைகளில் தோற்கடித்த லிப்ரட்டஸ் என்ற கணினி நிரல், பலமான கைக்கும் வெற்று மிரட்டலுக்கும் ஒரே தொகையை வைக்கக்கூடியது.

கள்ளம் நடக்கவே நடக்காது என்றும் சொல்லமாட்டேன். 2011இல் ஃபுல் டில்ட் தளம் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது 390 மில்லியன் டொலர், வங்கியில் இருந்ததோ ஏறத்தாழ 60 மில்லியன் என்று அமெரிக்க நீதித் திணைக்களம் குற்றஞ்சாட்டியது.

அவனுடைய 4,000 கைகளையும் இருவரும் எண்ணினோம். பெரிய சோடிகள் 51 வந்திருந்தன. கணக்குப்படி 54 வரவேண்டும். அந்த 51இலும் சேர்த்துப் பார்த்தால் அவன் சற்று லாபத்தில்தான் நின்றான். நட்டம் முழுக்க மற்ற 3,949 கைகளில், அத்தோடு பானைகளிலிருந்து தளம் எடுத்த கழிவில். மோட்டர் இன்னும் வாங்கவில்லை.