காசு வேணும், ஆள் வேணாம்: பிரஸ்டன் ஆலைப் பெண்களின் பந்தாட்டம்

பெண்கள் கால்பந்து ஆடி மார்புப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு நிதி திரட்டுவது இன்றைக்கு இங்கிலாந்தில் சாதாரணக் காட்சி. ரோஸ் நிறச் சட்டை, உண்டியல், கைதட்டல். இதற்குப் பின்னால் ஆலைக்காரப் பெண்களின் வரலாறு ஒன்று கிடக்கிறது. அவர்கள் திரட்டிய காசை வாங்கிக்கொண்டு அவர்களையே மைதானத்துக்கு வெளியே தள்ளிய வரலாறு.

முதல் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, லங்காஷயரில் பிரஸ்டன் நகரத்து டிக் கெர் ஆலையில் பெண்கள் போர்த்தளவாடம் செய்தார்கள். டிராம் வண்டி செய்த ஆலை அது. சாப்பாட்டு நேரத்தில் முற்றத்தில் பந்து உதைத்துப் பழகியவர்கள், 1917 கிறிஸ்துமஸ் அன்று டீப்டேல் மைதானத்தில் இன்னொரு ஆலைப் பெண்களோடு ஆடினார்கள். சுமார் 10,000 பேர் பார்த்தார்கள். வசூல், காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்குப் போனது. அங்கே அரசின் இலவச மருத்துவச் சேவை வந்ததே 1948இல்தான். அதுவரை பல மருத்துவமனைகள் நன்கொடையை நம்பித்தான் நடந்தன. உழைக்கிற சனங்களின் வைத்தியச் செலவில் ஒரு பங்கை இந்தப் பெண்களின் கால்கள் சம்பாதித்தன.

1920 டிசம்பர் 26. லிவர்பூல் குடிசன் பார்க் மைதானம். உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் 10,000க்கும் மேல். வசூல் 3,000 பவுண்டைத் தாண்டியது. ஆடினவளுக்குக் கைச்செலவுக்கு 10 ஷில்லிங். ஒரு பெண்கள் கழக ஆட்டம் இந்தக் கூட்டத்தைத் தாண்ட 2019 வரை ஆனது!

1921 ஏப்ரலில் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். ஒத்துக்கொள்ளாத தொழிலாளர்களுக்குக் கதவடைப்பு. மூன்று மாசம் சுரங்க ஊர்களில் பட்டினி. பெண்கள் அணிகள் பல, அந்தக் குடும்பங்களின் கஞ்சித்தொட்டிக்காக ஆடின. சிப்பாய்க்காக ஆடினால் தேசபக்தி. சுரங்கக்காரன் பிள்ளைக்குக் கஞ்சி ஊத்த ஆடினால்?

அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தீர்மானம் போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல, வசூலில் செலவுக்கென்று அதிகம் எடுக்கிறார்கள், ஆகவே சங்கத்தின் கழகங்கள் மைதானம் தரக்கூடாது. பெண் உடம்பு தாங்காது என்று மருத்துவர்கள் சிலரும் ஒத்து ஊதினார்கள். போர்க்காலத்தில் வெடிமருந்து ஆலைகளில் நச்சேறிப் பெண்களின் தோல் மஞ்சளானதே, அப்போ எங்கே போயிருந்தது இந்த அக்கறை?

தீர்மானத்தில் சுரங்கக்காரனைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இருக்கவும் இருக்காது. நம்ம ஊரில் மட்டும் 'சாதி' என்று எழுதிவைத்தா கதவைச் சாத்துகிறார்கள்? தகுதி, மரபு என்றுதான் எழுதுவார்கள். திறமையை எடுத்துக்கொண்டு ஆளை ஒதுக்குவது நமக்குத் தெரிந்த சங்கதி. பூனாவில் இந்துக்களின் அணிக்காகப் பந்து வீசிய தலித் வீரர் பல்வங்கர் பாலு எடுக்கும் விக்கெட் வேண்டும். ஆனால் அவருக்குத் தேநீர் வெளியே, தனி மண்குவளையில்.

டிக் கெர் பெண்கள் அடங்கிவிடவில்லை. ரக்பி மைதானங்களில் ஆடினார்கள், பூங்காக்களில் ஆடினார்கள். 1922இல் அமெரிக்கா போய் ஆண்கள் அணிகளோடே மோதினார்கள். பெயர் மாறியும் அந்த அணி 1965 வரை நின்றது.

அவர்களில் லில்லி பார் என்ற தொழிலாளி வீட்டுப் பெண்ணைச் சொல்லணும். 1905இல் பிறந்தவர். 1920இல் சேர்ந்து 1951 வரை ஆடினார். இடது காலால் அவர் அடிக்கும் அடிக்கு ஆண் கோல்காப்பாளர்களே பயந்ததாகச் சொல்வார்கள். பிழைப்புக்கு மனநல மருத்துவமனையில் தாதி வேலை. மேரி என்ற தோழியோடு, ஊர் என்ன பேசினால் என்ன என்று ஒரே வீட்டில் வாழ்ந்தார். மருத்துவமனைகளுக்காக ஆடிய அணியின் அந்தப் பெண்ணுக்கே மார்புப் புற்றுநோய் வந்தது. 1967இல் இரண்டு மார்பகங்களையும் அறுத்தெடுத்தார்கள். அதன் பிறகும் பதினோரு வருசம் உயிரோடிருந்தார். 1971இல் தடை விலகியதைப் பார்த்தார். 1978 மே மாதம் புற்றுநோயால் இறந்தார்.

சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008இல். மான்செஸ்டர் கால்பந்து அருங்காட்சியகத்தில் லில்லி பாருக்குச் சிலை வைத்தது 2019இல்.