காயில், பாட், நிக் சால்ட்... வேப் கடையில் பேசும் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்? கருவி மாற்றும் முன் பார்க்க வேண்டிய 3 எண்கள்!

பிரிட்டனில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 'டிஸ்போசபிள்' வேப் கருவிகளை விற்க 2025 ஜூன் 1 முதல் தடை அமலில் இருக்கிறது. சிகரெட்டை விடுவதற்காக அந்தக் கருவிக்கு மாறியவர்கள் பலரும் இப்போது சார்ஜ் செய்து, நீர்மம் ஊற்றிப் பயன்படுத்தும் கருவிகளுக்கு மாற வேண்டிய நிலை. கடைக்குப் போனால் 'எம்டிஎல்லா, டிடிஎல்லா? எத்தனை ஓம்? சால்ட்டா, ஃப்ரீபேஸா?' என்று கேட்கிறார்கள். புதிதாக வருபவருக்குத் தலை சுற்றும்.

இந்த வார்த்தைகளுக்கு என்ன பொருள்? கருவி மாற்றும்போது எங்கே தப்பு நடக்கிறது? அதே கருவியைப் பையில் போட்டுக்கொண்டு இந்தியா வரலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

இது யாருக்கு?

ஏற்கெனவே சிகரெட் பிடிக்கும், அதை விட நினைக்கும் வயது வந்தவர்களுக்கு மட்டுமே வேப் ஒரு மாற்று வழி என்கிறது பிரிட்டனின் என்எச்எஸ். சிகரெட்டை விடத் தீங்கு குறைவு, ஆனால் தீங்கே இல்லாதது அல்ல என்பதுதான் அதன் நிலைப்பாடு. சிகரெட் பழக்கம் இல்லாதவர்களும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களும் இதைத் தொடவே கூடாது. இந்தியாவில் இது யாருக்குமே விற்கக் கூடாத பொருள். அந்தச் சட்ட விவரம் கடைசியில்.

கருவிக்குள்ளே என்ன இருக்கு?

எவ்வளவு விலை உயர்ந்த கருவியாக இருந்தாலும் உள்ளே இருப்பது நாலே நாலு விஷயம்தான்.

- பேட்டரி: மின்சாரம் தருவது.
- காயில்: மின்சாரம் பாய்ந்ததும் சூடாகும் சின்னக் கம்பிச் சுருள்.
- திரி: காயிலைச் சுற்றி இருக்கும் பஞ்சு. நீர்மத்தை உறிஞ்சிக் காயிலுக்குக் கொடுக்கும்.
- டேங்க் அல்லது பாட்: நீர்மம் இருக்கும் சின்னத் தொட்டி.

விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலத்தான் இதுவும். ஆனால் இங்கே எதுவும் எரிவதில்லை. நீர்மம் சூடாகி ஆவியாகிறது. புகையிலை எரியாததால் சிகரெட்டில் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் உருவாவதில்லை. ஆனால் நிக்கோடின் உடம்புக்குள் போகிறது. அடிமையாக்கும் பொருளும் அதுதான்.

இப்போதைய வடிவிலான இ-சிகரெட்டை 2003-இல் உருவாக்கியவர் சீன மருந்தாளுநர் ஹான் லிக்.

பாட், பேனா, மாட்: என்ன வித்தியாசம்?

பாட் கிட்: தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. பாட் காலியானால் புதுசு மாட்டலாம், அல்லது நீர்மம் ஊற்றி நிரப்பலாம். டிஸ்போசபிளில் இருந்து மாறுபவர்களுக்கு நெருக்கமான வகை இதுதான்.

வேப் பேன்: பேனா வடிவம். ஒரு பட்டன், மேலே ஒரு டேங்க்.

பாக்ஸ் மாட்: கையடக்கப் பெட்டி. பேட்டரி பெரியது. எத்தனை வாட் வேண்டும் என்று திரையில் பார்த்து மாற்றலாம்.

மெக் மாட்: உள்ளே சர்க்யூட் போர்டே கிடையாது. பட்டனை அழுத்தினால் பேட்டரி மின்சாரம் நேரடியாகக் காயிலுக்குப் போகும். ஷார்ட் சர்க்யூட் ஆனால் தடுக்க எதுவும் இல்லை. புதியவர்கள் தொடக் கூடாத வகை இது.

நீர்மத்தில் என்னென்ன இருக்கு?

பாட்டிலின் மேல் 'பிஜி 50 / விஜி 50' என்று போட்டிருக்கும். பிஜி என்பது புரோப்பிலீன் கிளைக்கால். தண்ணீர் போல ஓடும், தொண்டையில் லேசாக உறைக்கும். விஜி என்பது தாவரக் கிளிசரின். கெட்டியானது, ஆவியைக் கூட்டும்.

சின்ன பாட் கருவிக்கு 50/50 பொருந்தும். விஜி 70-க்கு மேல் உள்ள கெட்டி நீர்மத்தை அதில் ஊற்றினால் திரியால் வேகமாக உறிஞ்ச முடியாது. பஞ்சு காய்ந்து கருகிவிடும். 'புது கருவி, ஆனால் கருகின வாடை வருது' என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எண் 1: மில்லிகிராம்

பாட்டிலில் உள்ள 20, 10, 6, 3 என்ற எண்கள் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் நிக்கோடின் இருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் உச்சவரம்பு 20. நிக்கோடின் உள்ள பாட்டில் 10 மி.லி.-க்கு மேலும், டேங்க் 2 மி.லி.-க்கு மேலும் இருக்கக் கூடாது.

இதில் இரண்டு வகை:

ஃப்ரீபேஸ்: பழைய வகை. அளவு கூடினால் தொண்டை எரியும்.

நிக் சால்ட்: நிக்கோடினுடன் பென்சாயிக் அமிலம் போன்ற ஒரு அமிலம் சேர்த்தது. அதிக அளவிலும் தொண்டை எரியாது. அதனால் எவ்வளவு உள்ளே போகிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

ஷார்ட்ஃபில்: நிக்கோடின் இல்லாத பெரிய பாட்டில். நிக்கோடினைத் தனியாக வாங்கிக் கலக்க வேண்டும். கணக்கு எளிது. 18 மி.கி. அளவுள்ள 10 மி.லி. பாட்டிலில் மொத்தம் 180 மி.கி. நிக்கோடின். அதை 50 மி.லி.-யுடன் கலந்தால் மொத்தம் 60 மி.லி. 180-ஐ 60-ஆல் வகுத்தால் 3. ஆக, ஒரு மில்லிலிட்டருக்கு 3 மி.கி.

எண் 2: ஓம்

காயில் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்வது ஓம். எண் குறையக் குறைய அதிக மின்சாரம் பாயும், சூடு ஏறும், ஆவி கூடும். 1 ஓமுக்குக் கீழே போனால் 'சப் ஓம்' என்பார்கள்.

எண் 3: வாட்

காயிலுக்குப் போகும் சக்தியின் அளவு. காயிலின் மேலேயே '12–16 வாட்' என்பது போல வரம்பு அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டினால் பஞ்சு கருகும். கருகிய ஆவியில் ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்களும் கூடும்.

ஓமும் வாட்டும் எப்படிச் சேர்கின்றன? 3.7 வோல்ட் பேட்டரியில் 1 ஓம் காயில் போட்டால் சுமார் 14 வாட். அதே பேட்டரியில் 0.5 ஓம் காயில் போட்டால் சுமார் 27 வாட். ஓம் பாதியானால் சக்தி இரண்டு மடங்கு.

எம்டிஎல், டிடிஎல்: அப்படின்னா?

ஆவியை முதலில் வாயில் இழுத்து, பிறகு நுரையீரலுக்குக் கொண்டு போவது எம்டிஎல். சிகரெட் பிடிப்பதும் இப்படித்தான். நேராக நுரையீரலுக்கே இழுப்பது டிடிஎல். இதில் ஒரு இழுப்பில் உள்ளே போகும் ஆவி பல மடங்கு அதிகம்.

தப்பு எங்கே நடக்குது?

'அப்கிரேடு' என்றதும் போனை மாற்றுவது போலப் பெரிய கருவி, கூடுதல் வாட் என்று போகிறார்கள் பலர். டிஸ்போசபிளில் பழகிய அதே 20 மி.கி. நிக் சால்ட்டைப் புதிதாக வாங்கிய சப் ஓம் கருவியில் ஊற்றினால் என்ன ஆகும்? ஆவி பல மடங்கு, நிக்கோடின் அளவு குறையவே இல்லை. தலைசுற்றல், குமட்டல், வாந்தி, படபடப்பு வரும். இவை நிக்கோடின் அளவு மீறியதற்கான அறிகுறிகள்.

அதனால் மூன்று எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

- எம்டிஎல் பாட்: 0.8 ஓமுக்கு மேல், சுமார் 10–18 வாட், 10–20 மி.கி. நிக் சால்ட்
- டிடிஎல் சப் ஓம்: 0.5 ஓமுக்குக் கீழ், 30 வாட்டுக்கு மேல், 3–6 மி.கி. ஃப்ரீபேஸ்

ஓமும் வாட்டும் மாறினால் மில்லிகிராமும் மாறியாக வேண்டும். சிகரெட்டை விடுவதுதான் நோக்கம் என்றால் டிடிஎல் பக்கம் போகவே தேவையில்லை. டிஸ்போசபிளில் இருந்து நிரப்பும் பாட், 20-இல் இருந்து 10, 10-இல் இருந்து 5, பிறகு பூஜ்யம். மேலே ஏற வேண்டியது கருவி அல்ல, கீழே இறங்க வேண்டியது நிக்கோடின். சிகரெட் ஆசை திரும்ப வந்தால் மட்டும் இறங்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

புதுக் காயில் போட்டதும் இதை மறக்காதீங்க

காயிலின் பஞ்சில் சில சொட்டு நீர்மம் விட்டு, டேங்கை நிரப்பி 10 நிமிடம் அப்படியே வைக்க வேண்டும். இதற்கு 'பிரைமிங்' என்று பெயர். அவசரப்பட்டு உடனே இழுத்தால் காய்ந்த பஞ்சு கருகி, புதுக் காயில் வீணாகும். கருகின ருசி வர ஆரம்பித்தால் காயிலை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பேட்டரியில் அலட்சியம் வேண்டாம்

பாக்ஸ் மாட்களில் பெரும்பாலும் இருப்பது '18650' பேட்டரி. 18 மி.மீ. அகலம், 65 மி.மீ. நீளம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். முழு சார்ஜில் 4.2 வோல்ட். மெக் மாட்டில் 0.2 ஓம் காயில் போட்டால் 21 ஆம்பியர் பாயும். பல 18650 பேட்டரிகள் தொடர்ச்சியாக 20 ஆம்பியருக்கு மேல் தாங்காது.

அமெரிக்காவில் 2018-இல் புளோரிடாவிலும் 2019-இல் டெக்சாஸிலும் வேப் கருவி வெடித்துத் தலா ஒருவர் உயிரிழந்தனர்.

- பேட்டரியைச் சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போடக் கூடாது. உலோகம் பட்டால் ஷார்ட் ஆகும்.
- மேல் உறை கிழிந்த பேட்டரியைப் பயன்படுத்தக் கூடாது.
- தூங்கும்போது சார்ஜில் விடக் கூடாது.
- நீர்ம பாட்டில் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. சிறிதளவு குடித்தாலும் நச்சு.

கள்ளச்சந்தை பாட்: உண்மையான ஆபத்து

2019-இல் அமெரிக்காவில் வேப் தொடர்பான நுரையீரல் பாதிப்பு வெடித்தது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டனர், 68 பேர் இறந்தனர். கஞ்சாவின் டிஹெச்சி கலந்த கள்ளச்சந்தை நீர்மங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் இ அசிடேட்தான் இதனுடன் வலுவாகத் தொடர்புபட்டது.

சிங்கப்பூரில் பிரச்சினை வேறு ரூபத்தில் வந்தது. அறுவை சிகிச்சையில் மயக்கம் தரப் பயன்படும் எட்டோமிடேட் மருந்தைக் கலந்து 'கே-பாட்' என்ற பெயரில் விற்றனர். 2025 செப்டம்பர் 1 அன்று அங்கே எட்டோமிடேட் 'சி' பிரிவு போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. லேபிள் இல்லாத பாட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது.

இந்தியா, சிங்கப்பூர் சட்டம் என்ன சொல்லுது?

லண்டனில் படிக்கும் மாணவர் அங்கே சட்டப்படி வாங்கிய கருவி, சென்னை விமான நிலையத்தில் சட்டவிரோதப் பொருள்.

இந்தியா: 2019-ஆம் ஆண்டு மின்னணு சிகரெட் தடைச் சட்டம் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் அனைத்தையும் தடை செய்கிறது. நிக்கோடின் இல்லாத வேப்பும் இதில் அடக்கம். உதிரி பாகத்தை இறக்குமதி செய்வதும் குற்றம். முதல் முறை 1 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். இருப்பு வைத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 50 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சிங்கப்பூர்: 2018 பிப்ரவரி முதல் வாங்குவது, வைத்திருப்பது, பயன்படுத்துவது எல்லாமே குற்றம். வயது வந்தவர் முதல் முறை சிக்கினால் 700 சிங்கப்பூர் டாலர் அபராதம் என்று 2025 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்டது. மீண்டும் மீண்டும் சிக்கும் வெளிநாட்டவர் வேலை அனுமதியை இழந்து நாடு கடத்தப்படலாம். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் சிகரெட்டை விட நினைப்பவர் என்ன செய்யலாம்?

இங்கே சட்டப்படி இருக்கும் வழிகள் நிக்கோடின் சூயிங்கம், பேட்ச், மருத்துவர் தரும் மாத்திரைகள், ஆலோசனை. மத்திய அரசின் புகையிலை விடுப்பு இலவச உதவி எண் 1800 11 2356. உங்கள் வீட்டுப் பிள்ளையின் பையில் பென் டிரைவ் மாதிரி ஒன்று பழ வாசனையோடு கிடைத்தால், மிரட்டுவதற்கு முன் அதில் எழுதியிருக்கும் மில்லிகிராம் எண்ணைப் பாருங்கள். 20 அல்லது அதற்கு மேல் இருந்தால், தினமும் பயன்படுத்தும் பிள்ளை ஏற்கெனவே நிக்கோடினுக்கு அடிமையாகியிருக்க வாய்ப்பு அதிகம். திட்டினால் மட்டும் அது போகாது, மருத்துவ உதவி தேவைப்படும்.