அட்டாவா, இட்டாவா? ஒரு எழுத்துக்கு நடந்த சண்டை

எஸ்பெரான்ட்டோ என்கிற பெயரே ஒரு வினையாலணையும் பெயர்தான், தெரியுமோ? 1887-இல் வார்சாவில் ஸாமென்ஹாஃப் என்கிற கண் டாக்டர், தான் உருவாக்கிய மொழிக்கு முதல் புத்தகம் போட்டார். சொந்தப் பெயரைப் போடாமல் 'டாக்டர் எஸ்பெரான்ட்டோ' என்று போட்டுக்கொண்டார். 'எஸ்பெர்' என்றால் நம்பிக்கை, 'அன்ட்' நிகழ்கால விகுதி, கடைசி 'ஓ' பெயர்ச்சொல்லுக்கு. ஆக, நம்புகிறவர். அந்தப் புனைபெயரே மொழிக்கும் நிலைத்துவிட்டது. 'எஸ்பெரின்ட்டோ' என்றால் நம்பினவர், 'எஸ்பெரொன்ட்டோ' என்றால் நம்பப்போகிறவர். நம்ம பவணந்தியார் பார்த்திருந்தால் ரசித்திருப்பார்.

செயப்பாட்டு வினைக்கும் இதேபோல் மூன்று உண்டு: நிகழ்காலத்துக்கு அட்டா, இறந்தகாலத்துக்கு இட்டா, எதிர்காலத்துக்கு ஒட்டா. தமிழில் இந்தப் பிரிவினை இல்லை. 'வீடு கட்டின அப்பா', 'அப்பா கட்டின வீடு' இரண்டுக்கும் ஒரே 'கட்டின'தான். அங்கே அப்பாவுக்கு இன்ட்டா, வீட்டுக்கு இட்டா. (வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பெயரெச்சம் சொல்லித் தரும்போது இதையும் சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடிபடும்.)

1907-இல் பாரிஸில் கூத்துரா என்ற தத்துவ அறிஞரும் கூட்டாளிகளும் எஸ்பெரான்ட்டோவைச் சீர்திருத்தப் புறப்பட்டார்கள். அதில் பிறந்தது இடோ. தொப்பி போட்ட எழுத்துகளை எடுத்தார்கள், இன்னும் என்னென்னவோ மாற்றினார்கள். இந்த ஆறு விகுதிகளில் மட்டும் கை வைக்கவில்லை. கூடவே செயப்பாட்டு வினைக்கு 'எஸ்' என்று ஒரு இடைநிலையைச் சேர்த்தார்கள். 'அமாஸ்' நேசிக்கிறான், 'அமேசாஸ்' நேசிக்கப்படுகிறான். அட்டாவும் வேண்டாம் இட்டாவும் வேண்டாம், வேலை முடிந்தது. எனக்கென்னவோ இது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது.

எஸ்பெரான்ட்டோகாரர்களுக்கு அந்த வசதி இல்லை. 'இந்த வீடு 1930-இல் கட்டப்பட்டது' என்று எழுத வேண்டும். எந்த விகுதி? ஒரு கட்சி சொன்னது: 1930-இல் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது, ஆகவே அட்டா. இட்டா போட்டால் 1930-க்கு முன்பே கட்டி முடித்தாயிற்று என்று ஆகிவிடும். மறு கட்சி சொன்னது: விகுதி காட்டுவது காலத்தை அல்ல, வேலை முடிந்ததா இல்லையா என்பதை. முடிந்துவிட்டது, ஆகவே இட்டா. அட்டா கட்சியில் பெரும்பாலும் ஜெர்மானிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இட்டா கட்சியின் பெரிய தலைகள் ஹங்கேரியின் கலோச்சாய், பிரான்ஸின் வாரங்கியென்.

சும்மா வெட்டிச் சண்டை இல்லை இது. ஒரே வாக்கியத்தைப் படித்து ஒருவர் முடிந்த வீட்டையும் இன்னொருவர் பாதி வீட்டையும் பார்த்தால் பொதுமொழி எதற்கு? நமக்குச் சந்தேகம் வந்தால் ஊரில் பாட்டியைக் கேட்கலாம். அவர்களுக்கு ஏது ஊர், ஏது பாட்டி? அவரவர் வீட்டு மொழியின் பழக்கம்தான் உள்ளே நுழைந்தது. ஸாமென்ஹாஃப் 1917-இலேயே காலமாகிவிட்டார். அவர் எழுதி வைத்ததைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

1967-இல் எஸ்பெரான்ட்டோ அகாடமி இட்டா பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்போது அகாடமியின் தலைவர் யார் என்கிறீர்கள்? அதே வாரங்கியென்தான்!

'நான் பிறந்தேன்' என்பதற்கும் நாஸ்கட்டாவா நாஸ்கிட்டாவா என்று இதே தகராறு இருந்தது. பேசுகிறவர்கள் பெரும்பாலோர் இரண்டையும் விட்டுவிட்டு 'நாஸ்கீஜிஸ்' என்று வேறு விகுதி போட்டுச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.