தலைவர் நாற்காலியில் ஒரு பெண்மணி

நெகிரி செம்பிலான் தோட்டத்துக்காரர்களான நமக்குக் கம்பெனி என்றால் பெரிய துரை, கிராணி, பெரட்டுக்களம்தான். அதற்கெல்லாம் மேலே இயக்குநர் வாரியம் ஒன்று உண்டு. தோட்டத்தை வைப்பதா விற்பதா என்ற முடிவு அங்கேதான் நடக்கும்.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். வேலையும் போச்சு, வீடும் போச்சு என்று நம் ஜனங்கள் நின்றார்கள். அப்போதுதான், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பத்து வெள்ளி அன்றைக்கு லேசான காசா? விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் சீவப்போன தாய்மார்களின் கூலியும் அதில் சேர்ந்தது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது.

1979இல் துன் மறைந்தார். பின்னர் அவர் துணைவியார் தோ புவான் உமாசுந்தரி சங்கத்தின் தலைவரானார். கணவர் பேரால் வந்த நாற்காலிதானே என்பார்கள். இருக்கட்டுமே, பல ஆண்டுகள் உட்கார்ந்து நிர்வாகம் பண்ணியது அவர்தானே!

பங்குச் சந்தைக் கம்பெனிகளின் வாரியத்தில் ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும் என்ற விதி, நம் நாட்டில் பெரிய கம்பெனிகளுக்கு 2022 செப்டம்பரிலும் மற்றவற்றுக்கு 2023 ஜூனிலும்தான் நடப்புக்கு வந்தது. கூட்டுறவிலோ, பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. தாய்மார்களே, உங்கள் வீட்டுப் பங்கு யார் பேரில் இருக்கிறது?