கல்லில் நிற்கும் நாய்கள்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார. வீட்டில் ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரு குழந்தைகள். நாய் ஒன்று வளர்க்க வேண்டும், அதுவும் நம் நாட்டு வேட்டைநாயாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "வேட்டைநாய் வீட்டுக்கு ஆகுமா? குழந்தைகளைக் கடித்துவிடாதா?" என்று கேட்டார். நடுகற்களைத் தேடி அலைபவனிடம் கேட்க வேண்டிய கேள்வியல்ல. கால்நடை மருத்துவரைக் கேளுங்கள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வேட்டைநாய் வேறு, வீட்டுநாய் வேறு என்கிற பிரிவினை நம் பழைய சான்றுகளில் எங்கேனும் உண்டா என்று புரட்டத் தொடங்கினேன். நான் பார்த்தவரை இல்லை.

முதலில் நினைவுக்கு வந்தவர் சேக்கிழார். பெரியபுராணத்தில் கண்ணப்பர் பிறந்த உடுப்பூரை அவர் அறிமுகம் செய்யும் இடத்தை மீண்டும் படித்துப் பாருங்கள். வேடர் குடியிருப்பு. விளாமரத்தில் வளைந்த காதுகளையுடைய நாய்கள் கட்டப்பட்டிருக்கின்றன. அதே மரக்கிளைகளில் வேட்டைவலைகள் தொங்குகின்றன. பாறை முற்றத்தில் மலைநெல் காய்கிறது. அடுத்த பாட்டிலேயே குழந்தைகள் வந்துவிடுகிறார்கள், புலிக்குட்டியோடும் யானைக்கன்றோடும் விளையாடிக்கொண்டு. புலிக்குட்டி புலவரின் கற்பனை வளம் என்று ஒதுக்கிவிடலாம். நாயை அப்படி ஒதுக்க முடியாது. அது நெல் காயும் முற்றத்தருகே, பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. காட்டில் பன்றியைத் துரத்தப் போகும் நாய் இதுதான். வேட்டை இல்லாத நாளில் வாசலில் படுத்துக்கிடப்பதும் இதுதான்.

இலக்கியம் மிகைப்படுத்தும் என்பவர்களுக்குக் கல் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. 1970களின் தொடக்கத்தில் இரா. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை இக்கற்களைத் தேடித் தொகுத்து, 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக 1972இல் வெளியிட்டது. அந்த வட்டாரத்து எடத்தனூரில் ஒரு கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கும் பூசலில் கருந்தேவகத்தி என்னும் வீரன் வீழ்ந்துபட்டான். அவனுக்கெனக் கல் நட்டவர்கள், வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவத்தையும் செதுக்கினார்கள். அத்துடன் நில்லாமல் அதன் பெயரையும் பொறித்தார்கள்: கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் எழுத்தில் இருக்கிறது.

இந்தக் கல்லின் முன் நின்று ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நாய் இறந்ததாக அந்த எழுத்து சொல்லவில்லை. காத்து நின்றது என்றே சொல்கிறது. தலைவன் விழுந்த பிறகும் அது நின்றதோ என்னவோ, அந்தக் காட்சியை நம் மனம் தானாகவே வரைந்துகொள்கிறது. சேவலுக்கும் நடுகல் எடுத்த நாடு இது (விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரம் கல்லை வாசகர்கள் அறிந்திருப்பார்கள்). ஆனால் சேவல் தன் போரில் தானே நின்று பட்டது. கோவிவன் தன் ஆளுக்காக நின்றது. வேறுபாடு சிறிதல்ல.

இனி நான் மிகவும் விரும்பும் கல்லுக்கு வருகிறேன். இது தமிழ்க் கல்லன்று, கன்னடக் கல். ஆனால் இதன் கதை தொடங்குவது தமிழ் மண்ணில், தக்கோலத்தில். பொ.ஆ. 949இல் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படைக்கும் சோழர் படைக்கும் அங்கே பெரும்போர் நடந்தது. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் அப்போரில் மாண்டான். அவனைக் கொன்றவன் கிருஷ்ணனின் பக்கம் நின்ற கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். இந்தச் செய்தியைச் சொல்லும் முதன்மையான சான்றுகளுள் ஒன்று, கர்நாடகத்து மண்டியா மாவட்டத்தில் ஆதகூரில் கிடைத்த கல்வெட்டு. சோழர் வரலாறு எழுதுவோர் இராசாதித்தனின் முடிவுக்காக இக்கல்லை மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். கல்லை நட்டதோ இராசாதித்தனுக்காக அல்ல, பூதுகனுக்காகவும் அல்ல. ஒரு நாய்க்காக!

பூதுகனின் படையில் மணலேரன் என்றொரு வீரன் இருந்தான். தக்கோலத்தில் அவன் காட்டிய வீரத்தை மெச்சிய பூதுகன், "வேண்டியதைக் கேள்" என்றான். மணலேரன் கேட்டது காளி என்னும் வேட்டைநாயை. அரசனும் கொடுத்தான். வாள் கழுவிய கொடையாக ஊர்களும் மணலேரனுக்குக் கிடைத்தன என்று அதே கல் சொல்கிறது. ஆனால் வாய்திறந்து கேட்டுப் பெற்றது நாயைத்தான். பின்னர் ஒருநாள், பெளத்தூருக்கு மேற்கே உள்ள குன்றில் பெரிய பன்றி ஒன்றின் மேல் காளியை ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று விழுந்தன. ஆதகூர்ச் செல்லேசுவரர் கோயிலின் முன் காளிக்குக் கல் நட்டு, அதற்கு நிலமும் விடப்பட்டது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் குரவர் அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்டால் பாவம் சேரும் என்று எழுத்தில் கட்டுப்பாடும் இருக்கிறது. கல்லின் மேற்பகுதியில் நாயும் பன்றியும் பொருதும் சிற்பம். இப்போது அது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டும்.

மணலேரன்மீது எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. அத்தனை ஆசையாகக் கேட்டு வாங்கிய நாயைக் கொண்டுபோய்ப் பன்றியிடம் விடுவானேன்? ஆனால் அது நம் காலத்து வருத்தம். அவன் காலத்தில் நாய்மேல் வைத்த அன்பும் அதனிடம் வாங்கிய வேலையும் இருவேறு கணக்குகளாக இருக்கவில்லை. வேலைக்காகத்தான் நேசித்தார்கள், நேசித்ததனால்தான் ஒரு துண்டு நிலத்தை அதன் கல்லுக்கு எழுதிவைத்தார்கள்.

இந்த இரண்டும் பிரிந்தது அண்மைக்காலத்தில்தான். அல்சேஷனும் பொமரேனியனும் நகரத்து வீடுகளுக்குள் வந்து 'வீட்டுநாய்' என்ற பெயரை எடுத்துக்கொண்டன. நம் நாய்கள் தெற்கத்திக் கரிசல் காட்டிலும் மேற்குமலை அடிவாரத்திலும் தங்கிவிட்டன. பிறகு 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையை ஏறத்தாழ முற்றிலும் மூடின. அது மிகவும் நல்லதே. ஆனால் நூற்றாண்டுகளாக ஒரே தொழிலுக்குத் தேர்ந்து தேர்ந்து வளர்க்கப்பட்ட நாய்களுக்குத் தொழில் போயிற்று. 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள். அஞ்சல்தலையால் ஒரு நாய்க்கும் சோறு கிடைக்காது. வீடு கிடைத்தால்தான் இந்த இனங்கள் பிழைக்கும். ஆகவே நண்பரின் கேள்வி அவருடைய வீட்டைப் பற்றியது மட்டுமன்று.

அவருக்கு நான் சொன்னது இதுதான். நாயின் நிறத்தையும் உயரத்தையும் பார்க்காதீர்கள். அதன் முன்னோர் எதைத் துரத்தினார்கள் என்று கேளுங்கள். ராஜபாளையமும் கோம்பையும் பன்றியை எதிர்த்து நின்றவை, காளியின் தொழில். அவற்றின் துணிவும் காவல் குணமும் பெரியவை. ஆனால் வருவோர் போவோர் மிகுந்த வீட்டில், நாய் வளர்த்துப் பழகாத கைகளில், அந்தத் துணிவே தொல்லையாகலாம். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டு ஓடிப் பிடித்தவை. மெல்லிய உடல், குறுமயிர், அந்நியரிடம் ஒட்டாத கூச்சம், தன் வீட்டாரிடம் மட்டும் தனிப்பிரியம். கன்னி நாயை மணப்பெண்ணோடு சீராக அனுப்பும் வழக்கம் இருந்தது என்று தென்மாவட்டப் பெரியவர்கள் சொல்வார்கள். புகுந்த வீட்டுக்குத் துணையாகப் போன நாய் குழந்தைகளுக்கு ஆகாது என்று யார் சொல்வது?

ஆனால் ஓடுவதைத் துரத்துவது அதன் இரத்தத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனைக்கும் கோழிக்கும் நீங்கள்தான் பொறுப்பு. விலா எலும்பு தெரிகிறதே என்று சோற்றைத் திணிக்கக் கூடாது. அதன் உடல்வாகு அதுதான். இரண்டு மாதம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். தாயைக் கண்ணால் பார்க்காமல் குட்டியை வாங்க வேண்டாம். ஒரே குடும்பத்து நாய்களுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்துவிடும் பழக்கம் பரவலாக இருப்பதால், தகப்பன் எந்த ஊர் நாய் என்றும் கேட்டுவிட வேண்டும். வெள்ளை ராஜபாளையம்தான் வேண்டுமென்று மனம் அடம்பிடித்தால், குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். அந்த வெண்மையோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவது அவ்வினத்தில் அறியப்பட்ட குறை. எந்த நாயானாலும், அது தின்னும்போது மூன்று வயதுக் குழந்தையை அருகில் தனியே விடாதீர்கள்.

நண்பர் பொறுமையாகக் கேட்டார். கோவிவன் கதையைக் குழந்தைகளிடமும் சொல்லியிருக்கிறார். மறுநாள் மூத்தவள் என்னிடம் பேசினாள். "மாமா, அந்த நாய்க்கு அப்புறம் யார் சோறு போட்டா?" என்று கேட்டாள். கல்லில் அது எழுதப்படவில்லை என்றேன். அவளுக்கு அந்த விடை போதவில்லை.

நண்பர் இன்னும் நாய் வாங்கவில்லை. அவர்கள் இருப்பது மூன்றாம் மாடியில். காலையில் அரைமணி நேரமாவது அவிழ்த்துவிட்டு ஓடவிடத் தக்க வேலியிட்ட வெளி ஒன்றை முதலில் கண்டுபிடியுங்கள், கன்னிக்குட்டியைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். தேடிக்கொண்டிருக்கிறார்.