வதந்தி
வதந்தி என்பது மெய்யா பொய்யா என்று யாரும் உறுதிசெய்யாமலே ஊரில் பரவும் செய்தி. வடமொழியில் ‘வதந்தி’ என்றால் ‘சொல்கிறார்கள்’. சொல்பவர் யார் என்பதற்குச் சொல்லுக்குள்ளேயே இடமில்லை. பேச்சுத் தமிழின் ‘அப்படித்தான் பேசிக்கிறாங்க’ இதே வேலையைச் செய்கிறது.

வதந்தி பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிறகு மெய்யானதும் உண்டு. ‘புரளி’ அப்படியல்ல, பொய் என்ற முடிவு அதிலேயே இருக்கிறது. வினைச்சொற்களைக் கவனித்தால் வேறுபாடு தெரியும்: வதந்தி தானாகவும் பரவும், புரளியை ஒருவர் கிளப்ப வேண்டும், கதையை ஒருவர் கட்ட வேண்டும். ‘அவதூறு’க்கு இலக்காக ஓர் ஆள் தேவை. நாளிதழ்கள் இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுவது சரியல்ல.

கன்னடத்திலும் வதந்தி வதந்திதான். வழக்கில் ‘காளி சுத்தி’, அதாவது காற்றுச் செய்தி, என்பார்கள். ‘புகாரு’ என்றாலும் அங்கே வதந்தியே. மைசூருக்குப் போகும் தமிழர் அதை முறையீடு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

வதந்தியின் போக்கைக் காட்ட மைசூரே நல்ல எடுத்துக்காட்டு. 2012 ஜூலையில் அசாமின் கோக்ராஜார் பகுதியில் போடோக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. ஆகஸ்ட் 14 அன்று மைசூரில் திபெத்திய மாணவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். நடந்தது இவ்வளவே. ‘வடகிழக்குக்காரர் என்று நினைத்துத்தான் குத்தினார்கள்’, ‘ரம்ஜான் முடிந்ததும் அடி விழும்’ என்ற பேச்சுகள் கைப்பேசி வழியாக வளர்ந்தன. மறுநாளிலிருந்து பெங்களூரு ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு வடகிழக்குக்காரர்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. அன்றைய கர்நாடக முதல்வர் ஜெகதீஷ் ஷெட்டர் பாதுகாப்புக்கு உறுதி தந்தும் கூட்டம் குறையவில்லை. மறுக்க வருபவருக்குப் பெயரும் பதவியும் இருக்கின்றன, வதந்திக்கு அவை இல்லை. ஆகவே யாரை மறுப்பது? ஆகஸ்ட் 17 அன்று மத்திய அரசு மொத்தக் குறுஞ்செய்திகளுக்கு 15 நாள் தடை விதித்து, ஒருவர் நாளொன்றுக்கு 5 குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பக் கூடாது என்றது. சில நாளில் அது 20 ஆயிற்று.

மைசூர்ப் பக்கமே வழங்கும் தலக்காடு சாபத்தை, உறுதிசெய்யப்படாத கதையானாலும், வதந்தி எனலாகாது. மைசூர் அரசர் ராஜ உடையார் 1610இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த காலத்தில், தலக்காடு மணல் மூடட்டும், மைசூர் அரசருக்கு வாரிசு இல்லாமல் போகட்டும் என்று அங்கிருந்த ஆளுநரின் மனைவி அலமேலம்மா சபித்ததாகக் கதை. சொன்னவர் பெயரும் இடமும் இருப்பதால் அது ஐதீகம்.

பீதி கிளப்பும் வதந்தியைப் பரப்புவது இந்திய தண்டனைச் சட்டம் 505ஆம் பிரிவின்கீழ் குற்றமாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவு அந்த இடத்தில் இருக்கிறது.